அறுபதில் நிற்கும் முள்

உக்காருங்க, உக்காருங்க. நான் கொஞ்சம் தள்ளிக்கறேன். பின்னாடி அத்தனை சீட்டும் காலியாக் கெடக்குது, இந்த ஆளு எதுக்கு எஞ்சின் சூட்டுல வந்து உக்காந்திருக்கான்னு நெனைச்சிருப்பீங்க. கண்டக்டரும் அதத்தான் கேட்டாரு. பின்னாடி தூக்கித் தூக்கிப் போடுதுங்க, இடுப்புக்கு ஆவறதில்ல. அதான், வேற ஒண்ணுமில்ல. நீங்க எதுக்குங்க முன்னாடி வந்தீங்க, வாந்தி வருமா? அப்ப ஜன்னலைத் தொறந்து விட்டுக்கங்க.

சேலத்துக்கா? நான் சங்ககிரியில எறங்கிக்குவேன். வாத்தியாருங்க நான், கணக்கு வாத்தியாரு. பன்னெண்டாவது மட்டும்தான் எடுக்கறது. செங்கோட்டுவேல் சார்னா எங்க பக்கம் தெரியாத ஆளு கெடையாது. பள்ளிக்கூடத்துப் பேரு எதுக்கு விடுங்க. ரிசல்ட்டுக்கு மறுநாள் பேப்பரை எடுத்தீங்கன்னா மொதப் பக்கம் பூரா புள்ளைங்க போட்டோவா இருக்குமே, அந்த மாதிரி பள்ளிக்கூடம்னு வெச்சுக்கங்களேன்.

இந்த இடம் இருக்குது பாருங்க, நீங்க உக்காந்திருக்கறது. இதுல எம்பொண்ணு உக்காந்து வரணும். அவளைக் கையோட கூட்டிட்டு வர்றதுக்குத்தான் காலையில கெளம்பிப் போனேன். அட, நீங்க எந்திரிக்காதீங்க, உங்களைச் சொல்லலீங்க. அவ வரல. வரலைன்னா, நான்தான் விட்டுட்டு வந்தேன். பாவம்னு விட்டுட்டு வந்தேன்.

பிரிட்ஜ் கோர்ஸுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? கேள்விப்படாத வரைக்கும் நீங்க புண்ணியவான். இஞ்சினீரிங் காலேஜுல புதுசா சேர்ற புள்ளைங்களைக் காலேஜுப் படிப்புக்குத் தயார் பண்றாங்களாமா. ரெண்டு வருசம் ராவும் பகலுமா உக்காத்தி வெச்சு நாங்க தயார் பண்ணி அனுப்பின புள்ளைங்களை, இவங்க மறுபடியும் தயார் பண்றாங்க. ஆக்கி எறக்கி வெச்ச சோத்தை மறுபடி அடுப்புல ஏத்தினா என்னங்க ஆகும்? பாலம் கட்டறோம்னு சொல்றாங்க. பாலம் கட்டறதுக்கு மொதல்ல ஆறுன்னு ஒண்ணு வேணுமில்லைங்களா. எங்க பள்ளிக்கூடத்துல இருநூத்துக்கு இருநூறு வாங்கின புள்ளைக்கும் இவங்க காலேஜுக்கும் நடுவுல எங்க இருக்குது ஆறு?

உங்களுக்கு வெவரமாச் சொல்றேன், அப்பத்தான் இவங்க லட்சணம் புரியும். எங்ககிட்ட ஒரு முறை இருக்குதுங்க. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடம் பலதுலயும் அதான் முறை. புள்ள பதினொண்ணாவதுல வந்து சேர்ற அன்னிக்கே பன்னெண்டாவது புஸ்தகத்தைக் கையில குடுத்துருவோம். ரெண்டு வருசமும் அதே புஸ்தகம்தான். மொத வருசம் ஒரு ஓட்டு, ரெண்டாவது வருசம் எத்தனை ஓட்டுன்னு கணக்கே கெடையாது. புள்ள தூங்கறப்ப எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

பதினொண்ணாவது புஸ்தகமா? அதுவும் வரும், வராமென்ன. கட்டுப் பிரிக்காம லேபுக்குப் பின்னாடி ஒரு ரூம்ல அடுக்கி வெச்சிருப்போம்.

நடத்தவே மாட்டீங்களாங்கறீங்க. நல்லாக் கேட்டீங்க போங்க. எதுக்குங்க நடத்தணும்? பன்னெண்டுல வாங்கற மார்க்குக்குத்தான் சீட்டு. பதினொண்ணுல என்ன படிச்சேன்னு எவன் கேக்கறான்? எங்கியாவது ஒரு எடத்துல தேவைப்பட்டா பார்முலா குடுத்துருவோம். ஒரே தாளு, முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு பக்கம், நானே போட்டது. பதினொண்ணாவது பூராவும் அதுக்குள்ள அடக்கம். நானெல்லாம் அந்தப் புஸ்தகத்தைத் தொறந்து எத்தனையோ வருசமாச்சு. தொறக்க வேண்டிய அவசியமே வரல, அந்த அளவுக்கு அத்துப்படி.

எங்க புள்ளைங்களுக்குக் கேள்வியைப் படிக்கற வேலையே இல்லீங்க. பயிற்சி அஞ்சு புள்ளி ஒண்ணு, நாலாவது கணக்குன்னு சொல்லுங்க, அடுத்த நிமிசம் விடை உங்க கைக்கு வந்துரும். பரீட்சையில கேள்வியோட மொத ரெண்டு வார்த்தை கண்ணுல பட்டாப் போதும், கை எழுத ஆரம்பிச்சிரும். தலையை நம்பாதீங்க, ஹாலுக்குள்ள போனா தலை பயந்துக்கும், கை பயந்துக்காதுன்னு சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தறது. எங்கிளாஸ்ல இன்னி வரைக்கும் ஒரு புள்ள சந்தேகம்னு கையைத் தூக்கினதில்லீங்க. இத்தனை வருசத்துல ஒண்ணே ஒண்ணு கூட இல்ல. அந்த அளவுக்குத் தெளிவா நடத்துவேன்.

எம்பொண்ணும் எங்கிட்டதான் படிச்சா. கௌசிகான்னு பேரு. ஊடு பள்ளிக்கூடத்துல இருந்து கூப்புடு தூரம், ஆனாலும் ஹாஸ்டல்லதான் போட்டேன். வாத்தியாரு புள்ளைக்கு மட்டும் சலுகைன்னு ஒருத்தன் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசக்கூடாது பாருங்க. மொத நாளே சொல்லிப்புட்டேன், இங்க நான் உனக்கு அப்பன் கெடையாது அம்மிணி, சார்னுதான் கூப்புடணும்னு. அப்படியே பழகிக்கிட்டா. நோம்பி லீவுக்கு ஊட்டுக்கு வந்தாலும், சார், சாப்பாடு ஆயிருச்சுங்கம்பா. எங்கூட்டுக்காரி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. பரீட்சை முடியற வரைக்கும் பழக்கம் மாறக்கூடாது, நீ சும்மா இருன்னு நான் அடக்கிருவேன். பரீட்சை முடிஞ்சுது, ரிசல்ட்டும் வந்துச்சு, அந்தச் சார் மட்டும் போகல. மரியாதைதான, இருந்துட்டுப் போகட்டும்.

சின்னதுல அவ ரொம்ப வாயிங்க. ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போவேன், ஹேண்டில்பாரைப் புடிச்சிக்கிட்டு வழி பூரா தொணதொணன்னு வருவா. மாடு எதுக்கு ரோட்டுல நிக்குது, நெலா எதுக்குக் கூடவே வருது, மீட்டர்ல இந்த முள்ளு எதுக்கு ஆடுதுன்னு. பேசாம வா கண்ணு, அப்பா வண்டி ஓட்டறேனல்லன்னு சொல்லிச் சொல்லி எம்பட வாய்தான் வலிக்கும். அந்தப் பழக்கத்தை எல்லாம் பதினொண்ணாவதுல சரி பண்ணிட்டேன்.

கணக்குல இருநூறு. பள்ளிக்கூடத்துக் கேட்டுல ஆளுயரத்துக்கு பேனர் வெச்சாங்க. இப்பவும் இருக்குது, நீங்க சங்ககிரியில எறங்கி எங்கூட வந்தீங்கன்னா காட்டறேன். கவுன்சிலிங்ல கோயமுத்தூர்ல நல்ல காலேஜு, பேரு கேட்டா நாலு பேரு திரும்பிப் பாக்கற காலேஜு. சேர்த்து விட்டுட்டு வந்து ஒரு வாரம் நான் தரையில நடக்கல.

அப்புறம் அந்தக் காலேஜுக்காரன் ஒரு வேலை பண்ணினான். சேர்ந்த புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லாமக் கொள்ளாம ஒரு டெஸ்ட்டு. எதுக்குடான்னா, யாருக்கு என்ன தெரியும்னு பாக்கறாங்களாமா. கேள்வியக் கேட்டீங்கன்னா சிரிச்சிருவீங்க. ஒரு கோட்டை வளைச்சு வளைச்சுப் போட்டு, இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தெரியுதுன்னு ஒரு கேள்வி. இன்னதை உங்க சொந்த வார்த்தையில விளக்குங்கன்னு இன்னொண்ணு. கணக்குல என்னங்க சொந்த வார்த்தை? நான் கேக்கறேன், கணக்குல எவனுக்குங்க சொந்த வார்த்தை இருக்குது? எம்பொண்ணு நூத்துக்கு ஒம்போது.

அவ சொல்லல. காலேஜுல இருந்து எனக்கு மெசேஜு வந்துச்சு. ஸ்டாப் ரூம்ல உக்காந்திருக்கறேன், சுத்தியும் எல்லா வாத்தியாரும் இருக்காங்க. காலேஜு பேரைப் பாத்ததும் வாழ்த்துக்கள்னு என்னமோ அனுப்பியிருக்கான்னு நெனைச்சு, எல்லாருக்கும் கேக்கட்டும்னு சத்தமாப் படிச்சுப்புட்டேன். உங்கள் மகள் கணிதத்தில் அடிப்படை குறைவாக இருப்பதால், சனிக்கிழமைதோறும் பிரிட்ஜ் கோர்ஸ் சிறப்பு வகுப்புக்கு வர வேண்டும். அடிப்படை குறைவுங்கற எடம் வந்தப்பத்தான் எனக்கே ஒறைச்சுது. அதுக்குள்ள வாய் படிச்சுத் தொலைச்சிருச்சு. கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருத்தன் இருக்கான், அவன் டீ கிளாஸை வாய்க்கிட்ட வெச்சுக்கிட்டு சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான். சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல. எனக்கு அன்னிக்குப் பட்ட அவமானம் இந்த ஜென்மத்துக்கும் போதுங்க.

சாயங்காலம் கரஸ்பாண்டண்ட் கூப்பிட்டாரு. நல்ல மனுசன். வேலு, இது வெளிய தெரிஞ்சா அட்மிசன் நேரத்துல நல்லா இருக்காதுய்யா, பேசாமப் புள்ளையை எடுத்து எஞ்சம்பந்தி காலேஜுல போட்டுரு, நான் சொல்றேன்னாரு. அருமையான காலேஜுங்க அது. டெஸ்ட்டும் கெடையாது, பாலமும் கெடையாது. மொத நாளே நோட்ஸ் குடுத்துருவாங்க, அதைப் படிச்சு அதையே எழுதிட்டுப் போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான். எம்பொண்ணு அங்க போனான்னா யுனிவர்சிட்டி ரேங்க்கு வாங்குவா, நான் எழுதித் தர்றேன். சீட்டு எடுத்து வெச்சாச்சு. திங்கக்கிழமை வந்து சேரணும்னு சொல்லியாச்சு. எங்கூட்டுக்காரிகிட்ட, பொண்ணு இனி ஊட்டுல இருந்தே பஸ்ஸுல போயிட்டு வருவான்னேன். அவ காலையில நான் கெளம்பறப்பவே பொண்ணுக்குப் புடிச்ச பருப்பு வடைக்கு ஊறப் போட்டுட்டா.

அவிநாசி வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா. இந்த டிரைவரு நல்லா ஓட்டறாரு.

போனேனுங்க. வாட்ச்மேன்கிட்டக் கேட்டு அந்தச் சனிக்கிழமைக் கிளாஸைக் கண்டுபுடிச்சேன். உள்ள போகல. பாடம் நடத்தறப்ப நடுவுல நுழையக்கூடாதுங்கற நாகரிகம் எனக்குத் தெரியும். ஜன்னலோரமா நின்னேன். எப்படித்தான் நடத்தறாங்கன்னு பாக்கலாமேன்னு ஒரு இது.

நடத்தினது ஒரு சின்னப் பொண்ணுங்க. ஜெனிட்டான்னு பேராமா, நாகர்கோவில் பக்கம். அவ பேசறதே பாட்டுப் பாடற மாதிரி இருக்குது. அவளை மேடம்னு கூப்புடறதுக்கே எனக்குக் கூச்சம், எம்பொண்ணோட அக்கான்னா நம்பலாம். போர்டுல ஒரு கணக்கு இல்ல. முழுசா ஒரு கணக்கு இல்லீங்க, சத்தியமா. ஒரு மலை மாதிரி வரைஞ்சு வெச்சு, இந்த எடத்துல ஏறினா மூச்சு வாங்குமா, இந்த எடத்துல வாங்குமான்னு கேட்டுக்கிட்டிருக்கறா. புள்ளைங்களும் வாங்கும், வாங்காதுன்னு சந்தையாட்டம் கத்துதுங்க. ஒரு பையன் எந்திரிச்சு என்னமோ கேட்டான். அதுக்கு அவ என்ன சொன்னாங்கறீங்க? எனக்குத் தெரியலடே, யோசிச்சுட்டு அடுத்த சனிக்கிழமை சொல்றேன்னா. கிளாஸ்ல, புள்ளைங்க முன்னாடி, தெரியலைன்னு சொல்றா. எங்க பள்ளிக்கூடமா இருந்தா மத்தியானத்துக்குள்ள கணக்கை முடிச்சு அனுப்பியிருப்பாங்க. சம்பளம் வாங்கறோமேன்னு ஒரு வெக்கம் வேண்டாமா? அந்தப் பையனும் சரிங்க மேடம்னு சிரிச்சுக்கிட்டே உக்காந்துக்கறான், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அப்புறம் கேட்டா, இது எத்தனை பேருக்குப் புரியலைன்னு. புரிஞ்சுதான்னுதான நாம கேப்போம்? புள்ளைங்களும் புரிஞ்சுது சார்னு ஒரே குரல்ல சொல்லும், அடுத்ததுக்குப் போயிருவோம். இவ புரியலையான்னு கேக்கறா. கேட்டதும் மொத ஆளாக் கையைத் தூக்கினது யாருங்கறீங்க?

எம்பொண்ணு.

தூக்கினது மட்டுமில்ல, எட்டித் தூக்கினா. நாலு பேரு பாக்கட்டும்னு. முகத்துல ஒரு வெக்கம் இல்ல, சிரிச்ச முகமா இருந்தா. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சுங்க. ரெண்டு வருசம் எங்கிளாஸ்ல மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தா, ஒருநாள் அந்தக் கை மேல போய் நான் பாத்ததில்ல. இந்தக் காலேஜுக்கு வந்து அவளுக்குப் புரியாமப் போயிருச்சு. நல்லாப் புரிஞ்சுக்கிட்டிருந்த புள்ளைங்க அது, இவங்கதான் கெடுத்து வெச்சிருக்காங்க.

அதுக்கு மேல என்னால பொறுக்க முடியல, உள்ள போயிட்டேன். எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் நாலஞ்சு பேரு அதுல இருந்தாங்க, எல்லாமே எங்கைப்பட்டதுங்க. என்னைப் பாத்ததும் படக்குன்னு எந்திரிச்சு, குட் மார்னிங் சார்னு ஒரே ராகத்துல இழுத்தாங்க. அதைக் கேட்டப்பத்தான் கொஞ்சம் உசுரு வந்துச்சு. அந்தம்மாவைத் தப்பாச் சொல்லக்கூடாது, மரியாதையாத்தான் நடந்துக்கிட்டா. கிளாஸை முடிச்சுட்டு எங்க ரெண்டு பேரையும் அவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி, நாற்காலி போட்டு, தண்ணியும் குடுத்தா. நான் தண்ணியத் தொடல.

சொன்னேன். எம்பொண்ணுக்கு அடிப்படை இல்லைன்னு யாரைப் பாத்துச் சொன்னீங்க, அவ யாரு பொண்ணு தெரியுமான்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். இப்ப உங்க முன்னாடியே கேக்கறேன் பாருங்கன்னு, எம்பொண்ணுகிட்ட ஒரு கணக்கு நம்பரைச் சொன்னேன். கல்லை மேல எறிஞ்சா எத்தனையாவது நொடியில என்ன வேகம்னு வருமே, அந்தக் கணக்கு. நம்பரை மட்டுந்தான் சொன்னேன். புள்ள பேனாவை எடுத்தா, ஒரு பேப்பர்ல வரிசையா, ஒரு ஸ்டெப்பு விடாம, கீழ கோடு போட்டு விடையோட எழுதி வெச்சா. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க. எடுத்து அந்தம்மா முன்னாடி வெச்சேன். அவ முழுசாப் படிச்சுப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்கு சார், ஒரு தப்பும் இல்லைன்னா. அதோட விட்டிருக்கலாமல்ல? அவளுக்கு இது முடியும்னு எனக்குத் தெரியும் சார், அதுக்காகத்தான் அவ இங்க இருக்கணும்னு நெனைக்கேன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கிட்டா. இதுல என்னங்க அர்த்தம் இருக்குது?

நான் எந்திரிச்சுட்டேன். அம்மிணி, ஹாஸ்டலுக்குப் போயி பையை எடுத்துட்டு வா, ஹெச்ஓடியைப் பாத்து டிசி வாங்கிட்டுப் போயிரலாம்னேன். அவ நகரல. எழுதின பேப்பரையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் வாயைத் தொறந்தா.

"அப்பா" அப்படின்னாளுங்க.

சார் இல்ல, அப்பா. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க அந்த வார்த்தையைக் கேட்டு. எனக்கு என்னமோ ஆயிருச்சு. கோவமாத்தான் இருந்தேன், ஆனா அந்த எடத்துல மறுபடி உக்காந்துட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்கப்பா. அதுக்கு நீங்க பதில் சொல்லிட்டீங்கன்னா இப்பவே உங்ககூட வந்துர்றேன். நீங்க சொல்ற காலேஜுலயே சேர்ந்துக்கறேன், மறு பேச்சு பேச மாட்டேன்."

கேளு கண்ணுன்னேன். அவ என்ன கேட்டாலும் பயிற்சி எண்ணோட சொல்ல மாட்டேனா நான்?

"சின்னதுல ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போவீங்களே, அதுல முள்ளு இருக்குமல்லங்கப்பா. முள்ளு அறுபதுல நிக்குதுன்னு வெச்சுக்கங்க. மணிக்கு அறுபது கிலோமீட்டர். ஆனா அந்த முள்ளு காட்டறது ஒரு மணி நேரத்தை இல்ல, ஒரு நிமிசத்தையும் இல்ல. இப்பங்கறத மட்டும் காட்டுது. அந்த இப்பங்கற புள்ளியில வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும்? ஒண்ணும் போயிருக்காது. எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? ஒண்ணும் ஆயிருக்காது. போன தூரமும் இல்ல, ஆன நேரமும் இல்ல. அப்புறம் அந்த அறுபது எங்கிருந்துங்கப்பா வருது?"

டிஎக்ஸ் பை டிடின்னேன். பின்ன என்னங்க, அதான விடை. வேகம்னா டிஎக்ஸ் பை டிடி. எங்க பள்ளிக்கூடத்துல கூட்டற ஆயாவே சொல்லும், அத்தனை தடவை கேட்டிருக்கும்.

"அது எனக்குப் போடத் தெரியுமுங்கப்பா. இத, இப்பக்கூட போட்டுக் காட்டினேன். அது என்னன்னுதான் கேக்கறேன்."

அதெல்லாம் பதினொண்ணாவதுல இருக்குதுன்னேன்.

"பதினொண்ணாவதுல என்ன இருக்குதுங்கப்பா?"

அந்தம்மா எதையோ சொல்ல வாயெடுத்தா. எம்பொண்ணு கையைக் காட்டி நிறுத்திட்டாளுங்க. "மேடம், நீங்க சொல்லாதீங்க. எங்கப்பா சொல்லட்டும்." அப்படிச் சொல்றப்ப அவ என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தா. கேலியாப் பாத்திருந்தான்னா ஓங்கி ஒண்ணு வெச்சிருப்பேன். கேலி இல்லீங்க. ஸ்கூட்டர்ல திரும்பித் திரும்பிப் பாப்பாளே, அந்த மாதிரி பாத்தா.

காலையில பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காந்து போனேனா, அந்தக் காத்து ஒத்துக்கல. வேணாம்னு வெச்ச தண்ணிய அப்பத்தான் எடுத்துக் குடிச்சேன். குடிச்சுட்டு, இதையெல்லாம் ஒரு வாய்த் தண்ணி குடிக்கற நேரத்துல சொல்ல முடியாது, ஆற அமர உக்காந்துதான் சொல்லணும், இப்ப எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னேன். உண்மைதானுங்க. சொல்லணும்னா முழுசாச் சொல்லணும். அரைகுறையாச் சொல்றதுக்கு நான் என்ன அந்தம்மாவா, தெரியல யோசிச்சுச் சொல்றேன்னு பல்லைக் காட்டறதுக்கு?

எம்பொண்ணு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தா. எம்பையை அவளே தூக்கிக்கிட்டா. வழியில அம்மா எப்படி இருக்கறாங்க, கருப்பன் குட்டி போட்டிருச்சான்னுதான் கேட்டுக்கிட்டு வந்தா. கருப்பன்னு பேரு வெச்சது பொட்ட நாய்க்கு, அதுவும் அவ வெச்சதுதான். பஸ்ஸு வந்ததும் பையைக் குடுத்துட்டு, அவசரமில்லீங்கப்பா, யோசிச்சுட்டு வாங்க, நான் இங்கதான இருப்பேன்னா. என்னையப் பாத்து யோசிச்சுட்டு வாங்கன்னு சொல்றாளுங்க. ரெண்டு வருசம் சோறு தண்ணியில்லாமச் சொல்லிக் குடுத்தவனைப் பாத்து.

இருங்க, போனு. எங்கூட்டுக்காரி.

ஆ, சொல்லு. பஸ்ஸுலதான் வந்துக்கிட்டிருக்கறேன். இல்ல, வரல. இல்லடி, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அவளுக்கு அங்க ஒரு வேலை பாக்கி இருக்குது. அடுத்த சனிக்கிழமை போயிக் கூட்டிட்டு வந்துருவேன். வடையா? நீயே சுட்டுத் தின்னு. வெச்சுர்றேன். சரி, கேளு. ஆமா, அப்பான்னுதான் கூப்பிட்டா. ஆமாங்கறேன். அதுக்கு எதுக்கு இப்ப நீ அழுகற? வை, போனை வை.

பொம்பளைங்களுக்கு எதுக்கு அழுகறதுன்னே ஒரு வரைமுறை இல்லீங்க.

உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா? பொண்ணா, பத்தாவதா? எங்ககிட்டக் கொண்டாந்து சேர்த்துங்க. எம்பேரைச் சொல்லுங்க போதும். பதினொண்ணாவதைப் பத்தி நீங்க ஒண்ணும் கவலைப்பட வேண்டாம், அந்தத் தாளு நான் தந்துர்றேன். என்னங்க, ரோசனை பண்ணிட்டுச் சொல்றீங்களா? சரி சரி. ஆளாளுக்கு ரோசனை பண்ணுங்க.

அந்தக் கேள்விக்குப் பதிலா? அட, அதை விட மாட்டீங்களா நீங்களும். பதிலெல்லாம் இருக்குதுங்க. எனக்குத் தெரியாதா? சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னுதான் பாக்கறேன். அது வந்துங்க, மொதல்ல ஒரு மணி நேரத்துல அறுபது கிலோமீட்டர்னு எடுத்துக்கணும். அப்புறம் அதை ஒரு நிமிசமாக் கொறைச்சுக்கணும், ஒரு நிமிசத்துல ஒரு கிலோமீட்டர். அது சரியா வருது. இன்னும் கொறைச்சு ஒரு நொடி, அதுவும் வருது. அரை நொடி. வருது. கொறைச்சுக்கிட்டே போனா, போயிக்கிட்டே இருந்தா, கடைசியில நேரமே இல்லாத எடத்துக்கு வந்துருதுங்க. அங்க வந்ததும் கையில ஒண்ணும் இருக்கறதில்ல. கையில ஒண்ணுமே இல்லாதப்பவும் முள்ளு மட்டும் அறுபதுன்னு காட்டுது.

பெருந்துறை தாண்டியாச்சுங்களா? அப்ப ரோடு நல்லா இருக்கும். கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்சுக்கங்க, மறைக்குது. டிரைவருக்கு முன்னாடி அந்தக் கண்ணாடி வட்டம் தெரியுதுங்களா? இந்த வண்டியில முள்ளு வேலை செய்யுது. கோயமுத்தூர்ல ரெண்டு பஸ்ஸை விட்டுப்புட்டு இதுல ஏறினேன். அந்த ரெண்டுலயும் முள்ளு செத்துக் கெடந்துச்சு.

பாருங்க, ஏறுது. அம்பது. அம்பத்தஞ்சு. அறுபதுக்கு வந்துருச்சு. இத, இப்ப. இந்த இப்பவுல...

கொஞ்சம் பேசாம வாங்க. சங்ககிரி வந்தாச் சொல்லுங்க.